செவிட்டு மாமனார் பாட்டு

சிதம்பரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வரிசையாக இருக்கும் பத்திர எழுத்தர் கடைகளில் ஒன்றில் பவானி இருபத்திரண்டு வருடங்களாக டைப் அடிக்கிறாள். மனை விற்பவர், வாங்குபவர், தானம் கொடுப்பவர், பாகம் பிரித்துக்கொள்பவர் என்று எத்தனையோ பேருடைய பெயரையும் தகப்பன் பெயரையும் நான்கு எல்லைகளையும் அடித்துக் கொடுத்திருக்கிறாள். எழுத்துப் பிழை இருந்தால் ஒழிய யாரும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. பிறந்தது புவனகிரிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம். கணவன் தேவநாதன் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறான். ஒரே மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். நாற்பத்திரண்டு வயது வரைக்கும் பவானியின் வாழ்க்கையில் சொல்லும்படி வேறெதுவும் நடக்கவில்லை.

2018-ல் ஒரு நாள் பதிவு அலுவலகத்தில் சர்வர் படுத்துவிட்டது. காலையில் டோக்கன் வாங்கியவர்கள் மதியம் தாண்டியும் காத்துக் கிடந்தார்கள். அவர்களில் ஒருவர் கடலூர் முதுநகரிலிருந்து வந்திருந்த லியாக்கத் அலி. மலேசியாவில் ஈப்போவில் இருபத்தாறு வருடம் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அந்தக் கடையின் மாடியில் ஒரு தமிழ்ச் சங்கம் இருந்ததாம். அங்கே கிராமபோன் காலத்து நகைச்சுவைப் பாட்டுத் தட்டுகள் அலமாரி நிறைய இருந்தனவாம். லீவு நாளெல்லாம் அவற்றைக் கேட்டுக் கேட்டு, ஆர்மோனியத்தில் வாசித்துப் பழகி, வரிகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

அன்றைக்கு பவானியின் கடை பெஞ்சில் உட்கார்ந்து, நேரம் போகாமல், முதன்முதலாக ரயிலைப் பார்த்த ஒருவன் எஞ்சினுக்குக் கும்பிடு போடுகிற பாட்டு ஒன்றை முனகிக்கொண்டிருந்தார். நடுவில் வரி மறந்துபோய் நின்றுவிட்டார். பவானி டைப் அடித்தபடியே, தலையைத் தூக்காமல், அந்த மெட்டுக்கு ஒரு வரியைத் தானாகப் போட்டாள்.

“எம்மாம் புகை விடுது, எந்தக் கடைப் பீடியோ.”

லியாக்கத் அலி எழுந்து வந்து அவள் முகத்தைப் பார்த்தார். பாட்டில் இருந்த வரி அதுவல்ல என்றும், ஆனால் அதைவிட இது நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். மாலைக்குள் சர்வர் வந்து, அவருடைய வேலை முடிந்து, அவர் கிளம்பும்போது இரண்டு பேரும் ஏழெட்டுப் பாட்டு பாடி முடித்திருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் கூடி நின்று கேட்டார்கள். லோடு வண்டி ஓட்டுகிற கொளஞ்சியும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். பஜனைகளில் டோலக் வாசிப்பவன். நானும் வரேன் மாமா என்று லியாக்கத் அலியிடம் அவனாகவே சொல்லிக்கொண்டு சேர்ந்தான். முதல் நாளே அவன் வைத்த அந்த ‘மாமா’ அப்படியே நிலைத்துவிட்டது. பவானி அவரை அண்ணே என்று கூப்பிட்டாள்.

‘கலகல மூவர்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பணி ஓய்வு விழா, அறுபதாம் கல்யாணம், முஸ்லிம் கல்யாணத்து வலீமா விருந்து, பழைய மாணவர் கூட்டம் என்று கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே அழைத்த இடத்துக்கெல்லாம் போனார்கள். கொரோனாவில் இரண்டு வருடம் நின்றுபோய், மறுபடி தொடங்கியபோது முன்னைவிட ஜாஸ்தியாகவே அழைப்பு வந்தது. எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய பாட்டுகளை இந்தக் காலத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துக் கேட்டார்கள். காபி குடிக்கத் தொடங்கிய அக்கிரகாரத்தைக் கேலி செய்யும் பாட்டு, கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு மணி பார்க்கத் தெரியாதவன் பாட்டு, குடையைக் கண்டு மிரண்ட மாட்டின் பாட்டு என்று பலது இருந்தாலும், எல்லோரும் கேட்டு வாங்கியது செவிட்டு மாமனார் பாட்டுதான்.

அது மருமகளும் மாமனாரும் பேசிக்கொள்கிற பாட்டு. மருமகள் ஒன்று சொல்ல, மாமனார் காதில் வேறொன்று விழும். ‘உங்க மவன் கடுதாசி போட்டாரு’ என்பாள் அவள். ‘கழுதை ஓட்டுறானா? படிச்ச படிப்பு என்ன ஆச்சி?’ என்பார் அவர். ‘மழை வருது மாமா’ என்றால் ‘மளிகை வருதா? உள்ளே இறக்கு’ என்பார். இப்படி எட்டுக் கேள்வி, எட்டுப் பதில். பவானி மருமகள். லியாக்கத் அலி மாமனார். ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்தபடி, கழுத்தை நீட்டி, வாயைப் பாதி திறந்து அவர் கேட்கும் அழகுக்கே சிரிப்பு எழும். சிரிப்பெல்லாம் அவருடையது. பவானி கேள்வி எடுத்துக் கொடுப்பவள், அவ்வளவுதான்.

2023 ஆடி மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ரத்தினம்மாள் என்ற தலைமை ஆசிரியையின் பணி ஓய்வு விழா. பாட்டின் ஐந்தாவது கேள்வி பவானிக்கு மறந்துபோனது. தடுமாறியது தெரியாமலிருக்க, வாயில் வந்ததைக் கேட்டுவைத்தாள்.

“வடலூர் போவலாமா மாமா?”

லியாக்கத் அலி ஒரு கணம் விழித்தார். பிறகு சொன்னார்.

“வடை ஊறலியா? தயிர் இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா.”

மண்டபம் அதிர்ந்தது. டீச்சர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். விழா முடிந்து எத்தனையோ பேர் வந்து அந்தத் தயிர்வடையைப் பற்றியே பேசினார்கள். நொடியில் இப்படிப் பதில் சொல்ல எப்படி முடிந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சிரித்துத் தலையாட்டினார்.

வண்டியில் ஏறிய பிறகு அவர் பவானியிடம் மெதுவாகக் கேட்டார். “ஏம்மா, நடுவுல வடையைப் பத்தி ஏன் கேட்ட? பாட்டுல அது இல்லியே?”

பவானி அவரைத் திரும்பிப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று புரிந்தது. வடலூர் என்று அவர் காதில் விழவே இல்லை. அப்போதுதான் மற்றவையும் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சில மாதங்களாக அவர் எல்லோருடைய வாயையே பார்த்துப் பேசுவது. இடது பக்கம் உட்கார்ந்தவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது. சுருதி லேசாக விலகினால் முன்பெல்லாம் முகம் சுளிப்பவர் இப்போது சுளிக்காதது. அவருடைய இடது காதில் பஞ்சு இருந்தது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வாசனையும் அதற்கு அடியில் ஒரு கெட்ட வாடையும் வண்டிக்குள் வீசியது. சீழ் வாடை. பிள்ளை வளர்த்தவளுக்கு அது தெரியாமல் இருக்காது.

சும்மா மறந்துபோய்க் கேட்டேன் அண்ணே என்று சொல்லிவிட்டு அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரிடம் காட்டுங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் தேடித்தேடி பவானி பிற்பாடு எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறாள். அவர் மனசு புண்படும் என்று நினைத்தேன் என்பது ஒரு காரணம். அது பாதிகூட உண்மை இல்லை என்பது அவளுக்கே தெரியும். மண்டபம் சிரித்த அந்தச் சிரிப்பு அவள் போட்ட கேள்விக்கு வந்தது. இத்தனை வருடத்தில் முதன்முதலாக அது அவளுடைய சிரிப்பு. அது இன்னொரு தடவை வேண்டும் என்று இருந்தது.

அடுத்த நிகழ்ச்சியில் வேண்டுமென்றே ஒரு கேள்வியை மாற்றினாள். “திருவந்திபுரத்துல மொட்டை போடணும் மாமா” என்று கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டாள். “முட்டை போட்டுச்சா? எந்தக் கோழி?” என்றார் அவர். கூட்டம் கைதட்டி ஓயவில்லை. அதற்கடுத்த நிகழ்ச்சியில் இரண்டு கேள்வியை மாற்றினாள். பிறகு எட்டையும் மாற்றினாள். மதிய நேரத்தில் கடையில் வேலை இல்லாதபோது, வீணாய்ப்போன பத்திரத் தாள்களின் பின்பக்கத்தில், ஒன்று போல ஒலிக்கும் சொற்களை ஜோடி ஜோடியாக எழுதிப் பார்ப்பாள். எந்தச் சொல்லைச் சொன்னால் அவர் காதில் எது விழும் என்று அவளுக்குப் பழகிவிட்டது. மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். அவர் வாயைப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் வெட்கப்படுகிற மருமகள் மாதிரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடையில் அவருடைய இடது பக்கமாகவே போய் நின்றாள்.

அதில் ஒன்று ரொம்பப் பேர் பெற்றது. முந்தானைக்குள்ளிருந்து, “டாக்டர்கிட்ட போவலாமா மாமா?” என்று கேட்பாள். “டிராக்டரா? நம்மகிட்ட நெலமே இல்லியேம்மா” என்பார் அவர், நிஜமாகவே குழம்பிய முகத்தோடு. யாரோ அதை செல்போனில் பிடித்துப் போட, லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். இப்படி ஒரு நடிப்பை எந்த சினிமாவிலும் பார்த்ததில்லை என்று எழுதினார்கள்.

கொளஞ்சிக்குச் சந்தேகம் வந்தது. கார்த்திகை மாதம் ஒரு நாள், லியாக்கத் அலியை முதுநகரில் இறக்கிவிட்டு சிதம்பரம் திரும்பும் வழியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டான். “அக்கா, மாமாவுக்கு நெசமாவே காது கேக்கலியோ?”

“அதெல்லாம் நடிப்புடா” என்றாள் பவானி.

அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

2024 மாசியில் சிதம்பரம் கீழ வீதியில் ஒரு மண்டபம். பழைய மாணவர்கள் கூட்டம். வெளியூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு அழைத்தவர்கள் என்பதால், இவர்கள் மேடை ஏறும்போதே டிராக்டர், டிராக்டர் என்று குரல் கொடுத்தார்கள். அன்றைக்கு முதன்முதலாக லியாக்கத் அலியின் மனைவி ஆசியா உம்மாளும் மகள் ஷாசியாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். லியாக்கத் அலிக்கு முகம் வெளிறியிருந்தது. காலையிலிருந்து தலை கிறுகிறுவென்று வருகிறது, பித்தமாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்.

செவிட்டு மாமனார் பாட்டைக் கடைசியாக வைத்திருந்தார்கள். பவானி இரண்டு மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, கூட்டம் கேட்டதைக் கொடுத்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அவருடைய இடது தோளுக்குப் பின்னால் போய் நின்று, டாக்டர்கிட்ட போவலாமா மாமா என்றாள்.

அவர் திரும்பி, என்னம்மா என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அவள் இன்னும் மெதுவாகச் சொன்னாள். மறுபடி என்னம்மா என்றார். சிரிப்பு ஏறியது. மூன்றாவது தடவையும் அவள் சொன்னாள். இந்தத் தடவை அவள் வாயைத் திறந்து மூடினாளே தவிரச் சத்தமே வரவில்லை. மைக்கில் ஒன்றும் வராததால் கூட்டத்துக்கு அது தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

லியாக்கத் அலி ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னார்.

“கேக்கலம்மா. நெசமாவே கேக்கல.”

மண்டபமே எழுந்து நின்று சிரித்தது. அவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். ஆசியா உம்மாள் உட்கார்ந்த பக்கம் பார்த்தார். பிறகு எழுந்திருக்கப் போனவர், ஒரு பக்கமாகச் சாய்ந்து, மைக் ஸ்டாண்டைப் பிடித்து, அதோடு சேர்ந்து விழுந்தார். கைதட்டல் நிற்கவில்லை. கொளஞ்சிதான் டோலக்கைத் தள்ளிவிட்டு ஓடி வந்தான். அவன் ஓடி வந்து மடியில் தூக்கிப்போட்ட பிறகும் பின்வரிசையில் சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பவானி முந்தானையை வாயிலிருந்து எடுக்காமல் அதே இடத்தில் நின்றாள். அந்த ஒரு நிமிடத்தில் தானும் சிரித்துக்கொண்டிருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மேடைச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டு போகவில்லை.

முதலில் சிதம்பரத்தில் பார்த்தார்கள். அங்கிருந்து புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். காதுக்குள் சவ்வுக்குப் பின்னால் ஒன்று வளர்ந்து, உள்ளே இருக்கிற சின்ன எலும்புகளை அரித்துவிட்டதாம். தலைசுற்றலுக்கும் அதுதான் காரணமாம். ஆபரேஷன் செய்து சுத்தம் செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இடது காது இனி திரும்பாது. வலது காது வயசாகி மங்கியது. மெஷின் வைத்தால் சமாளிக்கலாம். ஆபரேஷன் முடிந்த அன்று டாக்டர் ஷாசியாவிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது பவானியும் பக்கத்தில் நின்றாள். ஆறேழு மாதத்துக்கு முன்னால் கூட்டி வந்திருந்தால் இந்தக் காதில் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர். குற்றம் சொல்லும் குரலில் அல்ல, வழக்கமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பவானி மனதுக்குள் மாதங்களை எண்ணினாள். மாசியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆடியில் போய் நின்றது.

ஆசியா உம்மாள் வராண்டாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது ஓய்ந்திருந்தார்.

“வூட்ல நாங்கள்லாம் காது கேக்கலியான்னு கத்துவோம் பவானி. இவுங்களுக்கு அது அவமானமா இருக்கும். டாக்டருகிட்ட வாங்கன்னா வர மாட்டாங்க. மேடையில எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, நான் தப்பா சொன்னாலும் பவானி அதையே சிரிப்பா ஆக்கி என்னைக் காப்பாத்திடுது, அப்புறம் எதுக்கு டாக்டருன்னு சொல்லுவாங்க. நீ இருந்ததாலதான் இத்தினி நாளு இவுங்க தல நிமிந்து நடந்தாங்க. தொழுகையில உனக்காவ நான் துஆ கேக்காத நாளில்ல.”

பவானியால் கையை உருவிக்கொள்ள முடியவில்லை.

அன்று மாலை அவரைப் பார்க்க உள்ளே விட்டார்கள். தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. ஆசியா உம்மாள் மருந்து வாங்கப் போயிருந்தார். பவானி கட்டிலின் இடது பக்கம் நின்றுகொண்டு, அண்ணே எனக்கு ஆடியிலேர்ந்தே தெரியும் என்றாள். லியாக்கத் அலி அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். இப்போதெல்லாம் யார் எது சொன்னாலும் அப்படித்தான் தலையாட்டினார். வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொல்லிவிட்டோம் என்று தனக்குத் தானே பேர் பண்ணிக்கொள்வதற்காக, கேட்காத காதுப் பக்கம் நின்று சொல்லியிருக்கிறாள். மேடையில் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியபோது அங்கேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தேவநாதனிடம் சொன்னாள். அவன், போனது போனதுதான், இப்போது சொல்லி அந்த மனுஷனை ஏன் நோகடிக்க வேண்டும் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கடையில் உட்கார்ந்து டைப் அடிக்கும்போதெல்லாம் ஆசியா உம்மாளின் துஆ நினைவுக்கு வந்தது. அதைத் தான் திருடி வைத்திருப்பது போல இருந்தது.

எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தாள். முதலில் கடையிலேயே கம்ப்யூட்டரில் அடிக்கப் பார்த்தாள். பழக்க தோஷத்தில் விரல்கள், ‘நான் எனது சுய நினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும்’ என்று அடித்துவிட்டன. அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தாள். பிறகு வீட்டில் உட்கார்ந்து கையால் எழுதினாள். வடலூரில் தொடங்கி, முந்தானை, இடது பக்கம், சத்தமில்லாமல் அசைத்த வாய் வரைக்கும் எல்லாவற்றையும் எழுதினாள். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடித்தாள். நான்கு பக்கம் வந்தது.

பங்குனி வெயிலில் முதுநகருக்குப் போனாள். லியாக்கத் அலி உள்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வலது காதில் புது மெஷின். அவரோடு பேசுவதற்கு வைத்திருந்த சிலேட்டு மடியில் இருந்தது. ஆசியா உம்மாள் அவளைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, டீ போட சமையற்கட்டுக்குப் போனார். பவானி தாள்களை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடைசி வரை நிமிரவில்லை. படித்து முடித்தபின் தாள்களை நேராக அடுக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

“எப்பேர்ந்து?”

தன் குரல் எவ்வளவு உயர்ந்து கேட்கிறது என்று அவருக்கே தெரியாது. சமையற்கட்டு வரை போயிருக்கும். பவானி பதறிப்போய் சிலேட்டில் எழுதினாள். ஆடியிலிருந்து.

“நான் என்னா நெனச்சன் தெரியுமா?” என்றார் அவர். “எனக்குக் கேக்கலன்னு ஒனக்குத் தெரிஞ்சிபோச்சி, யாருக்கும் தெரியாம மறைக்கிறன்னு நெனச்சன். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள உனக்கு நன்றி சொல்லிக்குவன்.”

பவானி அழுதாள். அவர் அழாதே என்று சொல்லவில்லை. ஆசியா உம்மாள் டீயோடு வரும் காலடி கேட்டது. அது பவானிக்குத்தான் கேட்டது. அவள் முகம் திரும்பியதைப் பார்த்து அவர் புரிந்துகொண்டு, தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். டீ குடிம்மா என்றார். இரண்டு பேரும் குடித்தார்கள். ஆசியா உம்மாள் உள்ளே போனபிறகு, இந்தத் தடவை உதட்டை அதிகம் அசைக்காமல், முடிந்த அளவு அடக்கிச் சொன்னார்.

“ஆசியாகிட்ட சொல்லாத. அவ உனக்காவ துஆ கேக்குறா. அது அவளோடது, அது அப்படியே இருக்கட்டும். நீ கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத.”

பவானி எழுந்து வந்துவிட்டாள்.

அதன் பிறகு அவளும் கொளஞ்சியும் எந்த நிகழ்ச்சிக்கும் போகவில்லை. அழைத்தவர்களிடம், அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்றாள். அந்த ஒரு பாட்டையாவது நீங்கள் வந்து பாடுங்கள், மாமனாராக வேறு யாரையாவது போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் கேட்டார்கள். வீடியோ போட்டவனைத் தேடிப் பிடித்து அதை எடுத்துவிடச் சொன்னாள். அவன் எடுத்தான். அதற்குள் அது எங்கெங்கோ போயிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் செல்போனில் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்ததை ஒரு நாள் கேட்டாள். தன் குரல்தான். சேத்தியாத்தோப்பு போக டிக்கெட் எடுத்திருந்தவள் புவனகிரியிலேயே இறங்கிவிட்டாள்.

கொளஞ்சியிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எனுக்கும் தெரியும்க்கா. நீங்க நடிப்புன்னு சொன்னப்பவே பொய்யின்னு தெரியும். ஜனங்க சிரிச்சாங்க, நானும் வாசிச்சிக்கிட்டே இருந்தன். உங்களை மட்டும் நான் என்னன்னு கேக்குறது?”

ஐந்து மாதம் போனது. ஆவணியில் ஒரு நாள் ஆசியா உம்மாள் போன் செய்தார். உனக்கும் இவருக்கும் என்ன மனஸ்தாபம் என்று தெரியவில்லை, கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார், ஆர்மோனியத்தை உறை போட்டு மூடியது மூடியதுதான், யாரோடும் பேசுவதில்லை, நீ ஒரு நடை வந்துவிட்டுப் போ என்றார். அவர் வரச் சொன்னாரா என்று பவானி கேட்டாள். அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் என்றார் ஆசியா உம்மாள்.

போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனாள். போகும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் நின்ற நேரத்தில் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். லியாக்கத் அலி வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கை துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருக்கு வலது பக்கமாக, முகம் தெரியும்படி போட்டார்.

“மன்னிச்சிட்டன்னு சொல்றதுக்கு வரலம்மா எனக்கு” என்றார். குரலை மெஷினோடு பழக்கிக்கொண்டிருந்தார் போல, முன்போல் கத்தவில்லை. “சொன்னா பொய்யாயிடும். அந்த மண்டபத்துல எல்லாரும் சிரிச்சது இன்னும் கண்ணு முன்னாடி நிக்கிது. சத்தம் கேக்காது, வாயி மட்டும் தெரியும். ஆனா நீயும் வராம, பாட்டும் இல்லாம இருக்கறது அதைவிட கஷ்டமா இருக்கு. அதனால வா.”

சரிங்கண்ணே என்றாள் பவானி. அவருக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள்.

மறுபடி பழகுவதற்கு நாள் பிடித்தது. மெஷினில் ஆர்மோனியத்தின் சத்தம் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கிறது என்று அவர் எரிச்சல்படுவார். சில நாள் பாதியில் மூடி வைத்துவிடுவார். கொளஞ்சி மட்டும் பழையபடி மாமா மாமா என்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பான். அடுத்த தை மாதம் புவனகிரியில் ஒரு சின்னக் கல்யாண வரவேற்பில் மூன்று பேரும் பாடினார்கள். பெண் வீட்டார் செவிட்டு மாமனார் பாட்டைக் கேட்டார்கள். பவானி கொளஞ்சியைப் பார்த்தாள். லியாக்கத் அலியே மைக்கை இழுத்து, அந்த மாமனாருக்கு வைத்தியம் பார்த்தாகிவிட்டது, இனி அந்தப் பாட்டு இல்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். குடை கண்டு மிரண்ட மாட்டின் பாட்டைத் தொடங்கினார்கள்.

நிகழ்ச்சிகள் இப்போது குறைவு. பவானிக்கு அதில் வருத்தமில்லை. கூட்டம் சிரிக்கும்போது முன்பு வந்த சூடு இப்போது உடம்பில் வருவதில்லை. சிரிப்பு எதற்கு வந்தது என்று ஒருமுறை நிதானித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறாள். அதனால் சில சமயம் தாளம் தப்புகிறது. கொளஞ்சி சரிசெய்துகொள்கிறான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை லியாக்கத் அலியைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் காதைச் சோதிக்க வேண்டும். ஷாசியா கணவனோடு துபாய்க்குப் போய்விட்டதால், பவானியே லீவு போட்டுவிட்டு அவர்களோடு போகிறாள். போன முறை போயிருந்தபோது, அவரைச் சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். காதில் ஒலி வந்தால் அமுக்கச் சொல்லி ஒரு பொத்தானைக் கையில் கொடுத்திருந்தார்கள். வெளியே இருந்த நர்ஸ், நீங்கள் மகளா என்று பவானியைக் கேட்டாள். அவள் பதில் சொல்வதற்குள் ஆசியா உம்மாள் முந்திக்கொண்டார். மகள் இல்லை, ஆனால் மகளுக்கு மேல், இவர் காது போனபோது மேடையில் இவரைத் தாங்கிப் பிடித்ததே இந்தப் பெண்தான் என்று முழுக் கதையையும் சொல்லத் தொடங்கினார். நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு ஆசையோடு கேட்டாள். பவானி தலையைக் குனிந்து மடியிலிருந்த மருந்துச் சீட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லியாக்கத் அலி கண்ணை மூடிக்கொண்டு, பொத்தானில் கட்டைவிரலை வைத்தபடி, ஏதாவது சத்தம் வருகிறதா என்று காத்துக்கொண்டிருந்தார்.